பிலிப்பிச் சிறையில் பவுல் கேட்டதும் நாங்கள் கேட்டதும்

இலங்கையின் வடக்கே வன்னியில் நான் புலிகள் இயக்கத்தினதும் அரசினதும் என்று இரண்டு ஆட்சிகளின் கீழ் வாழ்ந்திருக்கிறேன். இரண்டிலும் பொலிஸ் இருந்தது, நீதிமன்றம் இருந்தது, வரி இருந்தது. ஊரை விட்டு வெளியே போகப் பாஸ் எடுக்க வேண்டிய காலமும் இரண்டிலும் இருந்தது. இரண்டின் காலத்திலும் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் மறைக்கல்வி படிப்பித்தேன். அரசுக்கு ஒரு கிறிஸ்தவர் எவ்வளவு தூரம் கட்டுப்பட வேண்டும், எந்த இடத்தில் மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்ற கேள்வி எங்கள் படலையடிக்கே வந்து நின்றது. அதற்கு நாங்கள் கண்ட பதிலையும், அந்தப் பதிலோடு கந்தோர்களுக்கு ஏறி இறங்கிப் பழகிய முறையையும் எழுதி வைக்க வேண்டும் என்று கனநாளாய் எண்ணம். இப்போது இளம் குடும்பங்கள் பல அதே கேள்வியோடு வருவதால் எழுதுகிறேன்.

சமாதான காலம் குலைந்து சண்டை திரும்பவும் மூண்டிருந்த நாட்களில், பெரியவர்களுக்கான விவிலிய வகுப்பில் 1 சாமுவேல் 8 ஆம் அதிகாரத்தை எடுத்தோம். மற்ற நாடுகளுக்கு இருப்பதுபோல் எங்களுக்கும் ஓர் அரசன் வேண்டும் என்று இஸ்ரயேலின் மூப்பர்கள் கேட்கிறார்கள். சாமுவேல் எச்சரிக்கிறார். அவன் உங்கள் ஆண்பிள்ளைகளை எடுத்துத் தன் தேருக்கு முன்னால் ஓட வைப்பான். பெண்பிள்ளைகளைச் சமையலுக்கு எடுப்பான். வயலில் நல்லதை எடுப்பான், விளைச்சலில் பத்திலொன்றை எடுப்பான். அன்றைக்கு நீங்கள் அழுவீர்கள். நான் வாசித்து முடிக்கும் முன்பே பின் வாங்கில் இருந்த ஓர் அம்மா கேட்டார்: “ரீச்சர், இது எப்ப எழுதினது?” கிறிஸ்துவுக்கு எவ்வளவோ முந்தினது என்றேன். “அப்ப அந்தக் காலத்திலயும் வீட்டுக்கு ஒரு ஆளோ?” என்றார். வீட்டுக்கு ஓர் ஆள் படைக்கு வர வேண்டும் என்று, இயக்கம் அவருடைய மூத்த மகளை அந்த மாதம்தான் கூட்டிக்கொண்டு போயிருந்தது.

அந்த வகுப்பில் எனக்குத் தெளிந்த ஒன்று இன்றுவரை மாறவில்லை. ஆள்பவர் நம்மவரா பிறரா என்று பார்த்து விவிலியம் அளவுகோலை மாற்றுவதில்லை. சாமுவேல் எச்சரித்தது, அந்த மக்கள் தங்கள் இனத்துக்குள்ளிருந்து தாங்களே கேட்டு வாங்கப்போகும் அரசனைப் பற்றி. 2009 இல், போரின் கடைசி மாதங்களில், வலைஞர்மடம் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த இளம் பிள்ளைகளை இயக்கம் வந்து பிடித்துக்கொண்டு போனது. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் வெளியிட்ட அறிக்கையில் அது பதிவாகியிருக்கிறது. அரசு தானே அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் அரசின் எறிகணைகள் விழுந்ததும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்கும் பழக்கம் எங்களில் பலருக்கு உண்டு. கிறிஸ்தவர் அப்படிச் செய்யக் கூடாது என்பது என் உறுதியான நிலைப்பாடு. கோயிலுக்குள் ஒளித்த பிள்ளையைப் பிடிக்கிற கை எந்தக் கொடியின் கை என்றாலும், அது தனக்குத் தரப்படாத ஒன்றைத் தொடுகிறது.

“உரோமையர் 13 இல அதிகாரத்துக்கு அடங்கி நடக்கச் சொல்லியிருக்குத்தானே” என்று கேட்பவர்கள் உண்டு. ஓம், சொல்லியிருக்கிறது. அதை நான் தள்ளிவைக்கவில்லை. ஆனால் முதலாம் வசனத்தோடு நிறுத்தாமல் நாலாம் வசனத்துக்கும் போக வேண்டும். ஆள்பவர் உன் நன்மைக்காக வைக்கப்பட்ட கடவுளின் பணியாளர் என்று அங்கே இருக்கிறது. பணியாளருக்கு ஒப்படைத்த வேலை ஒன்று உண்டு, அதைக் கேட்க மேலே ஒருவரும் உண்டு. கட்டு இருக்கும்வரைதான் குளத்துத் தண்ணீர் வயலுக்கு உதவும், கட்டு உடைந்தால் அதே தண்ணீர் ஊரை அழிக்கும் என்று வன்னியில் யாருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை. இணைச்சட்டம் 17 ஆம் அதிகாரத்தில் அரசனுக்கே கட்டளை இருக்கிறது. குதிரைகளைப் பெருக்காதே, பொன்னும் வெள்ளியும் மிகுதியாய்ச் சேர்க்காதே, சட்டத்தின் பிரதி ஒன்றை எழுதி வைத்து வாழ்நாள் முழுக்க வாசி, உன் சகோதரருக்கு மேலாக உன்னை உயர்த்தாதே. நீதியை எடுத்துவிட்டால் அரசுகள் பெரிய கொள்ளைக் கூட்டங்களைத் தவிர வேறென்ன என்று புனித அகுஸ்தீன் கேட்டார். 390 இல் தெசலோனிக்காவில் மக்களைக் கொன்று குவித்ததற்காகப் பேரரசன் தெயோதோசியுவை, மனம்வருந்தித் தவம் செய்யும்வரை, புனித அம்புரோசு நற்கருணைக்கு அனுமதிக்கவில்லை. அந்த மன்னன் கிறிஸ்தவன். அவனுக்கும் எல்லை போடப்பட்டது.

எங்களுக்கு மிகவும் உதவிய பகுதி திருத்தூதர் பணிகள் 16. பிலிப்பி நகரில் பவுலையும் சீலாவையும் விசாரணை இல்லாமல் பகிரங்கமாக அடித்துச் சிறையில் போடுகிறார்கள். விடிந்ததும் நடுவர்கள் காவலரை அனுப்பி, சத்தமில்லாமல் போகச் சொல்லுங்கள் என்கிறார்கள். பவுல் போகவில்லை. விசாரிக்காமல் உரோமைக் குடிமக்களை எல்லோர் முன்னாலும் அடித்தார்கள், இப்போது இரகசியமாக அனுப்பப் பார்க்கிறார்களா, அவர்களே வந்து எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்கிறார். நடுவர்கள் பயந்து வந்து மன்னிப்புக் கேட்கிறார்கள். பவுல் இதைத் தன் மானத்துக்காகச் செய்ததாக நான் வாசிக்கவில்லை. லீதியாளின் வீட்டில் அப்போதுதான் ஒரு சிறு சபை தொடங்கியிருக்கிறது. அவர் போன பிறகு அந்த ஊரில் இருக்கப்போகிறவர்கள் அவர்கள். அதிகாரி சட்டத்தின்படி நடக்க வேண்டியவர் என்பதை ஊரறிய நிலைநிறுத்திவிட்டுத்தான் பவுல் புறப்படுகிறார்.

போர் முடிந்து சில ஆண்டுகளின் பின், ஒரு மே மாதம், இந்தப் பகுதி எங்களுக்குத் தேவைப்பட்டது. இறந்தவர்களின் பெயர்களை வாசித்துப் பூசை ஒப்புக்கொடுப்பதற்காகக் குடும்பங்களிடம் பெயர் சேர்த்திருந்தோம். சிவில் உடுப்பில் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து, கோயிலைக் கூட்டிக்கொண்டிருந்த ஐயாவிடம் அந்தப் பட்டியலைக் கேட்டார்கள். பெயர் மட்டும் போதாதாம். கொடுத்த குடும்பங்களின் விலாசமும் தொலைபேசி இலக்கமும் வேண்டுமாம். நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிப் போய்விட்டார்கள்.

அன்று பின்னேரம் பங்குச் சபை கூடியது. கொடுத்துவிட்டால் கரைச்சல் இல்லை என்றார் ஒருவர். பட்டியலை எரித்துவிடுவோம் என்றார் இன்னொருவர். அப்படி ஒரு பட்டியலே இல்லை என்று சொல்லலாம் என்றான் ஒரு தம்பி. பங்குத்தந்தை அதற்கு உடன்படவில்லை: “பொய்யில தொடங்கினா பிறகு அதைக் காப்பாத்தவே எங்களுக்கு நேரம் போயிடும்.” எகிப்தில் ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடம் மருத்துவிச்சிகள் சிப்ராவும் பூவாவும் சாட்டுச் சொல்லித் தப்பியது எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் அது உயிர் போகும் நேரம். எங்கள் முன்னால் இருந்தது கேட்க உரிமை உண்டா என்ற கேள்வி. ஆகவே பவுலின் வழியை எடுத்தோம். யார் கேட்கிறார்கள், எந்தச் சட்டத்தின் கீழ் கேட்கிறார்கள், என்னத்துக்குக் கேட்கிறார்கள் என்ற மூன்றையும் தமிழில் எழுதித் தரச் சொல்வது. கடிதம் வந்தால் சட்டத்தரணியிடமும் ஆயர் இல்லத்திலும் காட்டிய பிறகே பதில். பங்குத்தந்தையைத் தனியே விடாமல் எப்போதும் இருவராகச் சந்திப்பது.

அடுத்த நாள் வந்தவர்களைக் கதிரை போட்டு இருத்தித் தேத்தண்ணி கொடுத்தோம். மதிப்புக்கு உரியவருக்கு மதிப்பு என்று உரோமையர் 13 இல் இருப்பதும் எங்களுக்கான கட்டளைதான்.

“தருவம், தரமாட்டம் எண்டு இப்ப சொல்லேல்லைத் தம்பி. உங்கட கந்தோரில இருந்து ஒரு கடிதம் கொண்டு வாங்கோ. நாங்களும் எழுத்திலயே பதில் தருவம்.”

“இது சும்மா ஒரு தகவல்தானே ரீச்சர்.”

“சும்மா எண்டால் எழுதுறதும் லேசுதானே.”

கடிதம் வரவில்லை. பூசை நடந்தது, பெயர்கள் வாசிக்கப்பட்டன. ஆனால் இரண்டு குடும்பங்கள் தங்கள் பெயரை எடுத்துவிடச் சொன்னார்கள், எடுத்துவிட்டோம். பயப்படுகிறவரைத் துணிவு காட்டச் சொல்லி நெருக்குவதும் ஓர் அதிகாரத் துர்ப்பிரயோகம்தான் என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து பங்கு மனையில் ஒரு சீ.ஆர். கொப்பி (தடித்த மட்டை போட்ட குறிப்பேடு) இருக்கிறது. யாராவது உத்தியோக முறையில் எதையாவது கேட்டு வந்தால் திகதி, நேரம், வாகன இலக்கம், கேட்டது, சொன்னது, உடனிருந்தவர்கள் எல்லாம் அதில் ஏறும். கடைசியில் இருவர் கையெழுத்து. அவர்கள் இருக்கும்போதே எழுதுவோம், எழுதியதை வாசித்தும் காட்டுவோம். அதைக் கண்டதும் பேச்சின் தொனி மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில், வாசித்து விளங்காமல், ஒருவரும் கையெழுத்து வைக்கக் கூடாது. வடக்கு கிழக்கில் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையே சொல்கிறது. தமிழில் கேட்பது சலுகை கேட்பது ஆகாது.

இதையெல்லாம் செய்யும் உரிமை, செலுத்த வேண்டியதைச் செலுத்துகிறவருக்குத்தான் பலமாக இருக்கும். தானியேலின் எதிரிகள் அவருடைய அரச அலுவலில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாமல்தான் அவருடைய செபத்தில் கைவைத்தார்கள். பிரதேச சபை வரி, மின்கட்டணம், கோயில் கட்டட அனுமதி, சங்கக் கணக்கு எல்லாம் நேர்த்தியாக இருக்க வேண்டும். சீசரின் நாணயத்தைச் சீசருக்குக் கொடுக்காமல் கடவுளுக்குரியதைச் சீசரிடம் கேட்டு வாதாட முடியாது.

காணி விடயத்தில் நான் திரும்பத் திரும்பப் போகும் இடம் 1 அரசர்கள் 21. ஆகாபு நாபோத்திடம் திராட்சைத் தோட்டத்தை முதலில் நியாயமாகத்தான் கேட்கிறான். இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், விருப்பமென்றால் பணம் தருகிறேன் என்கிறான். மூதாதையரின் உரிமைச் சொத்தைத் தர மாட்டேன் என்கிறார் நாபோத்து. பிறகுதான் ஈசபேல் அரசனின் பெயரில் கடிதம் எழுதி, அரசனின் முத்திரை போட்டு, பொய்ச் சாட்சிகளை இருத்தி, வழக்கு நடத்தி அவரைக் கொல்விக்கிறாள். எல்லாம் கடதாசியில் சரியாக இருந்தது. எலியா வந்து அதைக் கொலை என்றும் திருட்டு என்றும் சொன்னார்.

ஊரில் படையினர் இருக்க, முள்ளிக்குளத்துச் சனங்களுக்கு மலங்காட்டில் இடம் காட்டப்பட்டபோதும், கேப்பாப்பிலவு மக்களுக்கு மாதிரிக் கிராமம் கட்டிக் கொடுக்கப்பட்டபோதும் இதே பேச்சுத்தான் வந்தது: வேறு காணி தருகிறோமே. இரணைதீவு எங்களுக்குக் கிட்ட. 1992 இல் தீவை விட்டு வந்த குடும்பங்கள் இரணைமாதாநகரில் இருந்துகொண்டு, கடற்படை இருந்ததால், கண்ணுக்குத் தெரியும் தங்கள் தீவுக்குப் போய்த் தங்க முடியாமல் கால் நூற்றாண்டு கழித்தார்கள். 2017 மே 1 இல் போராட்டத்தைத் தொடங்கினார்கள். மனு, சந்திப்பு, வாக்குறுதி என்று ஏறக்குறைய ஒரு வருடம். 2018 ஏப்ரல் 23 இல் வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் தாங்களே போய் இறங்கி, இடிந்து கிடந்த கோயிலில் செபித்து, அங்கேயே இருந்துவிட்டார்கள். கல்லெறி இல்லை, கைகலப்பு இல்லை, ஒளிப்பும் இல்லை. பிறகு அரசும் இருக்கச் சம்மதித்தது. எல்லாக் கதவையும் தட்டிய பிறகு, பகலில், எல்லோரும் பார்க்க, விளைவை ஏற்கும் மனதோடு செய்ததால்தான் அதைக் கிறிஸ்தவக் கீழ்ப்படியாமை என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அதே தீவுக்கு 2021 மார்ச்சில் இன்னொரு சோதனை வந்தது. கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று 2020 ஏப்ரலில் அரசு விதித்திருந்தது. முஸ்லிம் மக்களுக்கு அது பெரிய கொடுமை. அடக்கம் செய்யும் கிறிஸ்தவர்களுக்கும் அது வலித்தது. 2021 பெப்ரவரி கடைசியில் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்ததும், இடம் இரணைதீவு என்று கொழும்பில் அறிவித்தார்கள். தீவு மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மக்கள் எதிர்த்தார்கள், பிறகு கிழக்கில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அந்த நாட்களில் எங்கள் இளைஞர்களிடம் நான் சொன்னது, எதிர்க்கும் பதாகையில் இரண்டு விடயமும் இருக்க வேண்டும் என்பதுதான். இறந்தவரைத் தங்கள் முறைப்படி அடக்கம் செய்வது முஸ்லிம் சகோதரரின் உரிமை. எங்களைக் கேட்காமல் எங்கள் தீவைத் தீர்மானிப்பது தவறு. முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் கத்தினால், ஒரு சிறு சமூகத்தை இன்னொரு சிறு சமூகத்தோடு முட்டவிடுகிறவர்களுக்கு நாங்கள் கைகொடுத்ததாகும்.

திருத்தந்தை 11 ஆம் பத்திநாதர் 1931 இல் எழுதிய சுற்றுமடலில் ஒரு கொள்கை இருக்கிறது. சிறிய சமூகங்களால் செய்யக் கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி, பெரியதின் வேலை சிறியதற்கு உதவுவது. போருக்குப் பின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல முன்பள்ளிகள் பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழுள்ள ஒரு திணைக்களத்திடம் போனபோது அது எனக்கு உறைத்தது. ஊரும் கோயிலும் நடத்திய இடத்தில், மற்ற முன்பள்ளிகளால் கொடுக்க முடியாத சம்பளம். அந்தச் சம்பளத்தில் அடுப்பெரியும் ஆசிரியைகளை நான் ஒருபோதும் குறைசொல்ல மாட்டேன். அவர்களில் சிலர் என் மாணவிகள். நாலு வயதுப் பிள்ளைக்கு அ, ஆ சொல்லிக் கொடுப்பது பாதுகாப்பு அமைச்சின் வேலையா என்ற கேள்வியை மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

இப்படிக் கேட்கும் நாங்கள் எங்கள் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1544 இல் மன்னாரில் திருமுழுக்குப் பெற்ற சுமார் 600 பேரை யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் கொல்வித்தான். மன்னார் மறைசாட்சிகளை எல்லோரும் நினைவுகூருகிறோம். அதே நூற்றாண்டில் போர்த்துக்கேயர் திருக்கேதீச்சரச் சிவன் கோயிலை இடித்ததையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். மடு மாதாவின் திருச்சுரூபம் 1670 இல் மாந்தையிலிருந்து காட்டுக்குள் கொண்டுபோகப்பட்டது, ஒல்லாந்தர் என்ற புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவ ஆட்சியாளருக்குப் பயந்து. அந்தக் கிறிஸ்தவ ஆட்சி வேட்டையாடிய கத்தோலிக்கக் குரு புனித யோசேப் வாஸ் அடிகளாருக்குப் புகலிடம் கொடுத்தது கண்டியின் பௌத்த அரசன். நம் மதத்தவர் கையில் ஆட்சி இருந்தால் எல்லை தேவையில்லை என்று நினைப்பவருக்கு இந்த மண்ணின் வரலாறே பதில். 2019 மார்ச்சில் மாந்தையில் திருக்கேதீச்சர வளைவு எங்கள் ஆட்களால் பிடுங்கப்பட்டதைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன்.

இந்த வருடம் எங்கள் ஒழுங்கையின் கடைசியில் ஒரு சிறு செபவீடு நடத்தும் போதகர் என்னிடம் வந்தார். பதிவு இல்லாமல் கூட்டம் நடத்தக் கூடாது என்று அதிகாரிகள் வாயால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்கள் சபையில் சிலருக்கு அந்தச் செபவீடு பிடிக்கவில்லை, அவர்கள் எங்கள் ஆட்களை இழுக்கிறார்களே என்று. நான் அவரோடு இருந்து கடிதம் எழுதினேன். மனச்சாட்சிச் சுதந்திரமும் மதச் சுதந்திரமும் ஒவ்வொருவருக்கும் உண்டு என்று அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரை சொல்கிறது. எங்களுக்குப் பெரிய கோயில் இருக்கிறது என்பதற்காக அந்த உரிமை அவருக்குக் குறையாது.

தகவல் அறியும் உரிமைக்கான 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோம். செபவீடு பதிய வேண்டும் என்று சொல்லும் சட்டத்தின் அல்லது சுற்றுநிருபத்தின் பிரதி, அதைச் செயற்படுத்தும் அலுவலரின் பதவி, வாயால் சொன்ன கட்டளைக்குக் கோப்பில் உள்ள குறிப்பு ஆகியவற்றைக் கேட்டிருக்கிறோம். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்கியே ஆக வேண்டும். வேலை நாட்கள் 14 க்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. இதற்குள் யாராவது வந்து கூட்டத்தை நிறுத்தினால் வேறு கணக்கு ஓடத் தொடங்கும். அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. எங்கள் பக்கத்தில் பலர் நியாயம் இருந்தும் தோற்பது இந்த ஒரு மாதம் தெரியாமல்தான்.

போதகருக்கு ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிக் கொடுத்து, முதல் பக்கத்தை எப்படிக் கோடு போடுவது என்று காட்டியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. மேன்முறையீட்டுக் கடிதத்தை எழுதி, திகதியை மட்டும் வெறுமையாக விட்டு, அவரிடம் கொடுத்து வைத்திருக்கிறோம்.